தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு பையன்: கிரீன் டே பாடல்களை எப்படிக் கேட்பது?

2023 டிசம்பர் 31 இரவு. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் புத்தாண்டு சிறப்பு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கிரீன் டே இசைக்குழு ‘அமெரிக்கன் இடியட்’ பாடலைப் பாடியபோது, பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் ஒரு வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார். ‘ரெட்நெக் அஜெண்டாவில் எனக்குப் பங்கில்லை’ என்பது பழைய வரி. அன்று ‘மாகா அஜெண்டா’ என்று பாடினார். மாகா என்பது டிரம்ப்பின் தேர்தல் முழக்கத்தின் முதலெழுத்துச் சுருக்கம்.

மறுநாள் சமூக ஊடகம் முழுக்க இதே சண்டை. பாட வந்தவர்களுக்கு அரசியல் எதற்கு என்று ஒரு தரப்பு கொதித்தது. இந்தப் பாடலே 2004இலிருந்து அரசியல் பாடல்தானே என்று இன்னொரு தரப்பு பதில் சொன்னது. நடுவில் நின்றவர்களுக்கு வேறொரு குழப்பம்: சலிப்பையும் சேட்டையையும் பாடிய ஒரு ஜாலியான குழு எப்போது இப்படி மாறியது?

அவர்கள் மாறவே இல்லை என்பதுதான் என் பதில். அதை நம்புவதற்கு முதலில் அந்த இசை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

## பாப் பங்க் என்றால் என்ன?

கிரீன் டேயின் இசை பாப் பங்க் வகை. அதில் பங்க் என்பது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் பிரிட்டனிலும் எழுந்த ராக் இசை வகை. அன்றைய ராக் பாடல்கள் நீண்டுகொண்டே போயின. கிட்டார் மேதைகளால் மட்டுமே வாசிக்க முடியும் என்ற நிலை. அதற்கு எதிராக, மூன்று கார்ட் (சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) தெரிந்த யாரும் மேடை ஏறலாம் என்று வந்தவர்கள் பங்க் இளைஞர்கள். வேகம், சுருக்கம், கோபம் மூன்றும் அதன் அடையாளம்.

அதில் ‘பாப்’ எங்கிருந்து வந்தது? பிற்காலத்தில் யாரோ கொண்டுவந்து ஒட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தொடக்கத்திலேயே உள்ளே இருந்தது. ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1976இல் வந்தது. 14 பாடல்கள், மொத்தமே சுமார் 29 நிமிடம். கிட்டார் சத்தத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள், 1960களின் அமெரிக்க வானொலிப் பாடல் போலவே இருக்கும். பீச் பாய்ஸ் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். மென்மையான மெட்டை முரட்டுத்தனமாக வாசித்தார்கள், அவ்வளவுதான்.

ஆக, பாப் பங்க் என்றால் வாய்க்கு உடனே வரும் மெட்டு, பங்க்கின் வேகம், அதன் மேல் இனிப்பில்லாத சொற்கள். இந்த மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

## ‘ச’வும் ‘ப’வும் மட்டும்

கிரீன் டே ஒலியின் அடித்தளம் பவர் கார்ட். நம் சுரங்களைக் கொண்டே இதை எளிதாக விளக்கலாம்.

1. ஒரு முழு மேஜர் கார்டில் மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும்: ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். மைனர் கார்டில் அந்தர காந்தாரத்தின் இடத்தில் சாதாரண காந்தாரம். சங்கராபரணத்துக்கும் கரகரப்பிரியாவுக்கும் காதில் படும் வேறுபாட்டில் பெரும் பங்கு இந்தக் காந்தாரத்துக்குத்தான். மகிழ்ச்சியா, வருத்தமா என்று சொல்வது அதுவே.

2. பவர் கார்டில் காந்தாரம் கிடையாது. ‘ச’வும் ‘ப’வும் மட்டும். அதனால் அது மகிழ்ச்சியையும் சொல்லாது, வருத்தத்தையும் சொல்லாது. வெறும் பலம்.

3. காந்தாரத்தை ஏன் விட வேண்டும்? ஆம்ப்ளிஃபயரில் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷன், சுரங்களுக்கு இடையில் புதுப்புது உபசுரங்களை உண்டாக்கும். ‘ச’வும் ‘ப’வும் மட்டும் இருந்தால் அந்த உபசுரங்களும் ஒத்துப்போகும். காந்தாரமும் சேர்ந்தால் ஒரே இரைச்சல், கலங்கல்.

4. இன்னொரு வசதியும் உண்டு. விரல் வைக்கும் வடிவம் ஒன்றுதான். அதே வடிவத்தைக் கிட்டார் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்தினால் பாட்டு வந்துவிடும். புதிதாகக் கற்பவருக்கும் கைவரும்.

5. வலது கை கீழ்நோக்கி மட்டுமே மீட்டும். ரமோன்ஸின் ஜானி ரமோன் இதைப் பிடிவாதமாகச் செய்தவர். மேலும் கீழுமாக மீட்டினால் அடிகள் ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் விழும். கீழ்நோக்கி மட்டும் மீட்டினால் எல்லா அடியும் ஒரே கனம். மணிக்கட்டு வலிக்கும், ஆனால் அந்தச் சுவர் போன்ற ஒலி வேறு வழியில் வராது.

சரி, கிட்டாரில் காந்தாரம் இல்லை என்றால் பாட்டின் உணர்ச்சி எங்கே இருக்கிறது? குரலில். ஆம்ஸ்ட்ராங் பாடும் மெட்டிலும், பேஸ் கிட்டார் வாசிக்கும் மைக் டர்ன்ட் மேலே சேர்த்துப் பாடும் இரண்டாம் குரலிலும் அந்த விடுபட்ட சுரம் வந்து உட்காருகிறது. கிட்டார் முகபாவம் இல்லாமல் நிற்க, குரல்தான் சிரிக்கிறது, அழுகிறது. ஒரு கிரீன் டே பாடலில் கோபமும் ஏக்கமும் ஒரே நேரத்தில் கேட்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நேரடியான காரணம் இதுதான்.

இந்த இரட்டைக் குரல் பாணிக்கு மூத்தவர்கள் எவர்லி பிரதர்ஸ். அண்ணனும் தம்பியும் மூன்றாம் சுர இடைவெளியில், அதாவது ஒருவர் ‘ச’ என்றால் மற்றவர் ‘க’ என்று, ஒட்டிப் பாடுவார்கள். அவர்களுடைய 1958 ஆல்பம் ஒன்றை முழுமையாக எடுத்து, ஆம்ஸ்ட்ராங் 2013இல் நோரா ஜோன்ஸுடன் சேர்ந்து ‘ஃபாரெவர்லி’ என்ற பெயரில் பாடினார். நோரா, சிதார் மேதை ரவி சங்கரின் மகள். கிட்டார் இரைச்சல் இல்லாத அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் கிரீன் டே கேட்டால், இரைச்சலுக்குள் அதே இரட்டைக் குரல் ஒளிந்திருப்பது பிடிபடும்.

‘பாஸ்கெட் கேஸ்’ பாடலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் கார்ட் வரிசையை ஜெர்மானியர் யோஹான் பாக்கெல்பெல் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கேனன்’ இசையோடு வைத்துப் பாருங்கள். மேற்கில் திருமணங்களில் மணப்பெண் நடந்து வரும்போது வாசிக்கும் இசை அது. சுருதி வேறு, ஆனால் முதல் ஆறு கார்ட் அதே வரிசை. மனப்பதற்றம் பற்றிய ஒரு பாடல், கல்யாண ஊர்வலத்தின் படிக்கட்டில் ஏறி வருகிறது.

## யாரிடமிருந்து என்ன எடுத்தார்கள்?

ஆம்ஸ்ட்ராங் வளர்ந்தது கலிஃபோர்னியாவில் ரோடியோ என்ற சிற்றூர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் ஊர். அப்பா லாரி ஓட்டுநர், ஜாஸ் வாத்தியக்காரரும்கூட. 1982 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார். மகனுக்கு அப்போது 10 வயது. அம்மா உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தார். பள்ளி நண்பன் டர்ன்ட்டோடு 1987இல் குழு தொடங்கியபோது இருவருக்கும் 15 வயது. டிரம்ஸ் வாசிக்கும் ட்ரே கூல் 1990இல் வந்து சேர்ந்தார்.

அவர்கள் காதில் விழுந்தவற்றில் முக்கியமானவை:

1. ரமோன்ஸ். வேகமும் சுருக்கமும் இவர்களிடமிருந்து. 2002இல் ரமோன்ஸ் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, மேடையில் அவர்களுடைய பாடல்களை வாசித்தது கிரீன் டேதான்.

2. பஸ்காக்ஸ். இங்கிலாந்தின் மான்செஸ்டர் குழு. பங்க்கின் வேகத்தில் காதல் பாடியவர்கள். பாடலாசிரியர் பீட் ஷெல்லி காதல் வரிகளில் ஆணா பெண்ணா என்று தெரியாதபடி சொற்களைத் தேர்ந்தெடுத்தார். இந்தப் பழக்கத்தின் சாயலைப் பிறகு ஆம்ஸ்ட்ராங்கிடம் பார்க்கப்போகிறோம்.

3. மினியாபொலிஸ் நகரின் ஹஸ்கர் டூ, ரிப்ளேஸ்மென்ட்ஸ். இரைச்சலுக்கு நடுவே மனம் திறந்து பேசலாம் என்று காட்டியவர்கள்.

4. டிசென்டென்ட்ஸ். கலிஃபோர்னியாவின் கடற்கரைப் புறநகர்ப் பையன்கள். 1982இலேயே அப்பா அம்மா, பள்ளிக்கூடம், கிடைக்காத காதல் என்று பாடினார்கள். பாப் பங்க்கின் பாடுபொருளை வகுத்தவர்கள் என்று இவர்களைத்தான் சொல்வேன்.

5. பீட்டில்ஸ், தி ஹூ, கின்க்ஸ். மெட்டு கட்டும் கலைக்கு இவர்கள். தி ஹூவிடமிருந்து வந்த இன்னொரு பெரிய பாடம் 2004இல் கைகொடுத்தது.

## கில்மன் தெருவின் சுவர்

பெர்க்லி நகரில் 924 கில்மன் தெரு என்ற முகவரியில் 1986 கடைசி நாளில் ஒரு இடம் திறந்தது. பழைய கிடங்கு ஒன்றை இளைஞர்கள் கூடி நடத்தும் கச்சேரி இடமாக மாற்றினார்கள். வயது வரம்பு கிடையாது. அங்கே விதிகள் எழுதிவைக்கப்பட்டிருந்தன: இனவெறி கூடாது, பெண்களை இழிவுபடுத்தக் கூடாது, ஒருபாலீர்ப்பு கொண்டவர்களை வெறுக்கக் கூடாது, மது கூடாது, போதை கூடாது, அடிதடி கூடாது. பெரிய ரெக்கார்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்த குழுக்களுக்கும் மேடை கிடையாது.

பதின்வயதில் இந்த விதிகளைப் படித்தபடிதான் கிரீன் டே பாடப் பழகியது. ‘திடீரென அரசியலுக்கு வந்தார்கள்’ என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

1993இல் அவர்கள் வார்னரைச் சேர்ந்த ரீப்ரைஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். கில்மன் கதவு மூடியது. தாய்வீட்டிலிருந்து துரத்தப்பட்ட வலி அது. 1995இல் வந்த ‘இன்சோம்னியாக்’ ஆல்பத்தில் ‘86’ என்றொரு பாடல். அமெரிக்கக் கொச்சை வழக்கில் 86 என்றால் ஒருவரை இடத்தைவிட்டு வெளியேற்றுவது. மறுபடியும் கில்மனில் அவர்கள் வாசித்தது 2015 மே மாதம், தீ விபத்தில் பாதிக்கப்பட்ட சிறு பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்ட. பெரிய நிறுவனத்துக்குப் போனதாலேயே பங்க் அடையாளம் போய்விட்டது என்ற வாதம் இன்றும் உண்டு. கில்மன் தன் விதியைக் காத்தது சரி என்றே நினைக்கிறேன். பாடல்களின் நேர்மையை அதை வைத்து மட்டும் அளந்துவிட முடியாது என்பதும் என் எண்ணம்.

## பாடல்களில் பேசுவது யார்?

1994 பிப்ரவரி 1இல் வந்த ‘டூக்கி’ ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 2 கோடி பிரதிக்கான சான்று பெற்றது. அதை ‘சலிப்பின் ஆல்பம்’ என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

‘லாங்வியூ’ பாடலை எடுத்துக்கொள்வோம். சரணத்தில் கிட்டார் இல்லை. டிரம்ஸும் பேஸும் மட்டும் சோம்பலாக ஊசலாடுகின்றன. ஒரு பையன் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஒன்றும் ஓடவில்லை, சேனலை மாற்றிக்கொண்டே இருக்கிறான். பல்லவியில்தான் கிட்டார் இடிபோல விழுகிறது. எழுந்து உடைத்துவிடலாம் என்ற வெறி. அப்புறம் திரும்பவும் பேஸ், திரும்பவும் சோபா. நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: அம்மா வேலைக்குப் போகச் சொல்கிறாள், ஆனால் அவள் பார்க்கும் வேலை அவளுக்கே பிடிக்கவில்லை. உழைக்கும் வர்க்கத்து வீட்டின் நிலைமை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. தனக்காகக் காத்திருக்கும் வாழ்க்கை அம்மாவின் முகத்தில் தெரிவதால் அவன் எழுந்திருக்கவில்லை.

‘வெல்கம் டு பாரடைஸ்’ வீட்டைவிட்டுக் கிளம்பியவனின் பாட்டு. ஓக்லாந்தின் மேற்குப் பகுதியில் ஒரு பாழடைந்த கிடங்கில் ஆம்ஸ்ட்ராங் தங்கியிருந்த அனுபவம் அது. அம்மாவுக்குக் கடிதம் போலத் தொடங்குகிறது. வந்து மூன்று வாரம், பயமாக இருக்கிறது என்கிறான். பாட்டு போகப்போக ஆறு மாதம் ஆகிறது, அந்த உடைந்த தெருவே அவனுக்கு வீடாகிவிடுகிறது.

‘பாஸ்கெட் கேஸ்’ ஆம்ஸ்ட்ராங்குக்கு இருந்த பதற்ற நோயிலிருந்து பிறந்தது. தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்ற பயத்தைக் கேட்பவரிடம் நேரடியாகச் சொல்லும் பாடல். இதில் ஒரு நுணுக்கம்: பாடுபவன் ஒரு பாலியல் தொழிலாளியிடம் போகிறான், அங்கே அவனுக்குப் பதில் சொல்வது ‘அவன்’. கேட்பவர் எதிர்பார்க்கும் ‘அவள்’ வருவதில்லை. அதே ஆல்பத்தில் ‘கமிங் கிளீன்’ என்ற பாடல், 17 வயதுப் பையன் தன் பாலீர்ப்பைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதைச் சொல்கிறது. தான் இருபாலீர்ப்பு கொண்டவர் என்பதை ஆம்ஸ்ட்ராங் 1995இல் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். 1994 சுற்றுப்பயணத்தில் பான்சி டிவிஷன் என்ற, ஒருபாலீர்ப்பை மறைக்காமல் பாடிய சான் பிரான்சிஸ்கோ குழுவைத் தங்களுக்கு முன்னால் பாட மேடை ஏற்றினார்கள். கில்மன் விதிகளை விளையாட்டு அரங்கங்களுக்கே எடுத்துப்போனார்கள் என்று நான் இதைப் பார்க்கிறேன்.

1997இல் வந்த, மின்கிட்டார் இரைச்சல் இல்லாத அக்கூஸ்டிக் பாடல் ஒன்று அமெரிக்கப் பள்ளிகளின் பிரிவுபசார விழாக்களில் தவறாமல் ஒலிக்கிறது. வயலின், மென்மையான கிட்டார் மீட்டல், கண்கலங்க வைக்கும் மெட்டு. வாழ்வின் நல்ல நேரம் அமைந்திருக்கட்டும் என்ற வாழ்த்து. அதன் அதிகாரபூர்வத் தலைப்பு ‘குட் ரிடன்ஸ்’. நம் வழக்கில் சொன்னால் ‘விட்டது சனியன்’. தன்னைப் பிரிந்து வெளிநாடு போன காதலி மீது எரிச்சலோடு எழுதிய பாட்டு. இனிப்பான மெட்டுக்குள் கசப்பை வைக்கும் அவர்களுடைய பழக்கம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

## டிவியிடம் திருப்பிக் கேட்ட கேள்வி

2003இல் அவர்கள் முடிக்கும் நிலையில் வைத்திருந்த ஒரு ஆல்பத்தின் ஒலிநாடாக்கள் திருடு போயின. மறுபடியும் பதிவு செய்வதற்குப் பதில் புதிதாகத் தொடங்கினார்கள். ஒருநாள் ஸ்டூடியோவில் தனியாக இருந்த டர்ன்ட் 30 விநாடிக்கு ஒரு சின்னப் பாட்டு செய்து வைத்தார். மற்ற இருவரும் தங்கள் பங்குக்கு ஆளுக்கொன்று சேர்த்தார்கள். துண்டுகளை ஒட்டிக்கொண்டே போனதில் ‘ஹோம்கமிங்’ என்ற 9 நிமிடப் பாடல் பிறந்தது. அங்கிருந்து முழு ஆல்பமும் ஒரே கதை என்ற எண்ணம் வளர்ந்தது.

கதை சொல்லும் இப்படிப்பட்ட ஆல்பத்துக்கு ‘ராக் ஆபரா’ என்று பெயர். தி ஹூ 1969இல் ‘டாமி’ மூலம் இந்த வடிவத்தைப் பெரும் வெற்றியாக்கினார்கள். மேலே சொன்ன இன்னொரு பாடம் இதுதான்.

அதே 2003 மார்ச்சில் அமெரிக்கா இராக்கில் போர் தொடங்கியிருந்தது. படைகளோடு நிருபர்களும் போனார்கள். போர் 24 மணி நேரமும் வரவேற்பறையில் ஓடியது. ‘அமெரிக்கன் இடியட்’ ஆல்பம் 2004 செப்டம்பர் 21இல் வந்தது, அதிபர் தேர்தலுக்கு ஆறு வாரம் முன்பு. தலைப்புப் பாடல் தாக்குவது அதிபரை நேரடியாக அல்ல. அச்சத்தை ஊட்டி ஆளும் ஊடகத்தை, அதை அப்படியே விழுங்கும் நாட்டை.

இப்போது அடுத்த பாடலுக்கு வருவோம். ‘ஜீசஸ் ஆஃப் சபர்பியா’, ஐந்து பகுதி, 9 நிமிடம். நாயகன் புறநகரில் சோடாவும் ரிட்டலின் மாத்திரையும் தின்று வளர்ந்தவன். ரிட்டலின் என்பது கவனக்குறைவு உள்ள பிள்ளைகளுக்குத் தரும் மருந்து. அவன் எங்கே இருக்கிறான் தெரியுமா? வரவேற்பறையில், டிவி போதையை ஏற்றிக்கொண்டு. அவனுக்கு உலகத்தின் மையம், ஒரு 24 மணி நேரக் கடையின் கார் நிறுத்துமிடம்.

‘லாங்வியூ’ பையனேதான் இவன். பத்து வருடம் கழிந்தும் அதே சோபா. 1994இல் டிவியில் ஒன்றுமே ஓடவில்லை என்று சலித்துக்கொண்டான். 2004இல் அதில் போர் ஓடுகிறது. அதனால் இந்த முறை எழுந்து வீட்டைவிட்டுப் போகிறான். சலிப்பைப் பாடிய குழு அரசியலுக்குத் தாவியது என்று எனக்குத் தோன்றவில்லை. எதனால் சலிப்பு என்ற கேள்வியை அவர்கள் கடைசிவரை கொண்டுபோனார்கள்.

ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருது வாங்கியது, 2010இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் இசை நாடகமாகவும் ஆனது. அரசியலுக்கு நடுவே, அப்பா இறந்த செப்டம்பரைப் பற்றிய பாடலும் அதில் இருக்கிறது. 10 வயதில் தொடங்கிய துக்கத்தை 30 தாண்டியபின்தான் பாட முடிந்திருக்கிறது.

## ஒரு சொல் மாறும்போது

புத்தாண்டு இரவுச் சர்ச்சைக்குத் திரும்புவோம். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. அந்த மாற்றம் அன்று புதிதல்ல. 2019இலேயே ஒரு விழா மேடையில் ஆம்ஸ்ட்ராங் அப்படிப் பாடியிருக்கிறார்.

2. பழைய சொல்லான ‘ரெட்நெக்’, வெயிலில் கழுத்து சிவக்க உழைக்கும் தெற்கத்தி ஏழை வெள்ளையரைக் குறிக்கும் வசைச்சொல். ஒரு வர்க்கத்தையே சேர்த்து அடிப்பது. ‘மாகா’ என்பது ஒருவர் தானாகத் தேர்ந்தெடுத்துச் சேரும் அரசியல் அணி. எண்ணெய் ஆலை ஊரிலிருந்து வந்த ஒரு பாடகருக்கு, முதல் சொல்லைவிட இரண்டாவது நியாயமானது என்பேன். விமர்சனம் கூர்மையானது, பிறப்பை இழிவு செய்யும் பகுதி போய்விட்டது.

2025 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் கோசெல்லா இசை விழாவில் இன்னொரு மாற்றம். ‘ஜீசஸ் ஆஃப் சபர்பியா’வின் கடைசிப் பகுதியில், வதைபட்டவன் வலியிலிருந்து தப்பி ஓடுவதாக ஒரு வரி வரும். ஆம்ஸ்ட்ராங் அதைப் ‘பாலஸ்தீனக் குழந்தைகளைப் போல’ ஓடுவதாக மாற்றிப் பாடினார். இதற்கு அடுத்த வரி, ‘இன்னொரு உடைந்த வீட்டின் கதை’. ஆங்கில வழக்கில் உடைந்த வீடு என்றால் பெற்றோர் பிரிந்த குடும்பம். 2004இல் எழுதியபோது அதற்கு அந்தப் பொருள்தான். அன்று மேடையில் அந்த வரியை அவர் தொடவே இல்லை. முந்தைய வரி மாறியதால், அதே சொற்கள் குண்டு விழுந்து இடிந்த வீட்டைச் சொல்ல ஆரம்பித்தன.